கேப்டன் காட்டிய மூன்று விரல்

என் கடைச் சுவரில் ஓர் ஆணியில் ஹெட்போன் ஒன்று தொங்குகிறது. இப்போது பிள்ளைகள் காதுக்குள் செருகிக்கொள்கிறார்களே, அந்த மாதிரி இல்லை. கனமானது. தலைக்கு மேல் வளையும் இரும்புப் பட்டை, இரண்டு பக்கமும் கிண்ணம் போல மூடி, மூடியின் விளிம்பில் தோல். வலப்பக்கத் தோல் தேய்ந்து உள்ளிருக்கும் பஞ்சு தெரிகிறது. இடப்பக்கத் தோல் ஏறக்குறையப் புதிதாகவே இருக்கிறது. மிக்ஸியோ டிவியோ பழுது பார்க்கக் கொண்டுவருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது இன்னாதுப்பா?" என்பார்கள். விமானத்தில் போட்டுக்கொள்வது என்பேன். "வேல செய்யுதா?" என்பார்கள். செய்யும் என்பேன். விலைக்குக் கேட்டவர்களும் உண்டு. தலையை ஆட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன். அதற்கு மேல் நான் யாரிடமும் சொன்னதில்லை. பேசுவதில் எனக்கு அவ்வளவு பழக்கம் இல்லை. எழுதுவதில் அதைவிடக் குறைவு. ஆறாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஆனாலும் அதைப் போட்டிருந்தவரைப் பற்றி யாராவது ஒருவர் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பொட்டலில் அன்றைக்கு இருந்தவர்களில் இங்கே மிச்சம் இருப்பவன் நான்தான்.

நாங்கள் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்கள். தறியில் உட்கார என் முதுகு ஒத்துவரவில்லை. அதனால் ஊருக்குள் ஒரு ரேடியோக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வால்வு ரேடியோ காலம். தறிக்கூடம் தோறும் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்ததால் எங்களுக்கு வேலைக்குக் குறைவில்லை. அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள் ஜீப் ஒன்று கடை வாசலில் வந்து நின்றது. வயலுக்கு மேலே பறந்து பூச்சி மருந்து அடிக்கிற கம்பெனியின் மேனேஜர் இறங்கினார். வாலாஜாபாத்துக்கும் தென்னேரிக்கும் நடுவே ஒரு பொட்டலைச் சமன் செய்து ஓடுபாதை ஆக்கியிருந்தார்கள். அவர்களிடம் இரண்டு சிறிய விமானம் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரே ஆள்தான் உட்கார முடியும். அவர்களுடைய ரேடியோ ஆள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டானாம். விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடும் இன்ஜினியர் மெட்ராஸில் இருந்தார், எப்போதாவது வருவார். அன்றாடம் பார்க்க ஓர் ஆள் வேண்டும். "இவன் பேச மாட்டான், வேல செய்வான்" என்று முதலாளி என்னைக் கை காட்டினார். போனேன்.

விமான ரேடியோவும் வீட்டு ரேடியோவும் உள்ளே ஒரே ஜாதிதான். வெளியேதான் வித்தியாசம். வீட்டு ரேடியோ அலமாரியில் ஆடாமல் இருக்கும். இது குலுங்கும், வேகும், மருந்துத் தூள் படிந்து அதன் இணைப்புகள் பச்சை பூக்கும். பெட்ரோலில் கழுவி உப்புத்தாளில் தேய்ப்பது பாதி வேலை. மீதிப் பாதி, காதால் கேட்டுக் கண்டுபிடிப்பது. எஞ்சின் வேகம் கூடும்போது கூடவே கூடுகிற சடசடப்பு என்றால் பிளக் வயரில் குறை. ஒரே சீரான ஊளை என்றால் டைனமோவில். குலுங்கும்போது மட்டும் விட்டு விட்டு வந்தால் எங்கேயோ எர்த் தளர்ந்திருக்கிறது. இவை எதிலும் அடங்காத குறைக்கு என்னிடம் ஒரே வழிதான் உண்டு. மாற்றிப் பார்ப்பது. தறியில் இழை அறுந்துகொண்டே இருந்தால் முதலில் இழையை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாவை மாற்றுவார்கள். மாற்றிய பிறகும் அறுந்தால் நாடாவில் குறை இல்லை. அதே போலத்தான். இந்த விமானத்துச் சாமானை அந்த விமானத்தில் போடு. குறை எதோடு போகிறதோ, அதில்தான் குறை. இதை நான் அங்கே மூத்த பைலட்டாக இருந்த கேப்டனிடம் ஒரு தடவை சொன்னேன். அவர் மற்ற பைலட்டுகளிடம் நூறு தடவை சொன்னார். "நம்ம ரேடியோகாரு சட்டம்" என்று பெயரும் வைத்தார்.

கேப்டனின் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். ராணிப்பேட்டைப் பக்கம். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதல் நாளே "ரேடியோகாரு" என்றார். எட்ட நிற்கும்போது "ரேடியோகாரே!" என்று கூப்பிடுவார். கேலிதான், ஆனால் அந்தத் தெலுங்கு 'காரு'வில் மரியாதையும் இருந்தது. அம்பது வயதை ஒட்டிய ஆள். குள்ளம். தரையில் நடக்கும்போது வாத்து போல இருபுறமும் சாய்ந்து நடப்பார். "எனக்கு ஏரோப்ளேன் வுட்டா வேற ஒண்ணும் தெரியாதுப்பா. நடக்கறதே சரியா வரல, பாரு" என்று தானே சிரிப்பார். மேலே ஏறிவிட்டால் ஆள் வேறு. மின்கம்பிக்கு அடியில் நுழைந்து வயலின் வரப்போரம் வரை மருந்தை இழுத்துக்கொண்டு போய், பனைமரத்துக்கு முன்னால் தூக்கி எழுப்புவார். வேர்க்கடலை பயிரிட்டவர்கள் வேலையை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பொட்டல் திருவிழா மாதிரி ஆகிவிடும். மெட்ராஸில் ஒரு விமான கிளப்பிலிருந்து ரெண்டு சீட்டு, நாலு சீட்டு விமானங்களில் ஆட்கள் வந்து இறங்குவார்கள். வக்கீல், டாக்டர், தோல் மண்டிக்காரர் என்று எல்லா வகையிலும் இருந்தார்கள். வருவதற்குக் காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. கோயில் இட்லி. சனிக்கிழமையே சொல்லி வைத்து, மூங்கில் கூடையில் மந்தாரை இலை வைத்து வேகவைத்த பெரிய இட்லியை நான் காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளில் கட்டிக் கொண்டுவருவேன். மிளகும் சுக்கும் மணக்கும். இறக்கையின் நிழலில் தார்ப்பாயை விரித்து உட்காருவார்கள். பைலட்டுகள் வாயால் பாதியும் கையால் பாதியும் பேசுவார்கள். உள்ளங்கைதான் விமானம். "நான் இப்டி வந்துக்கினு இருக்கேன், காத்து இப்டி அடிக்குது" என்று கையைச் சாய்ப்பார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அன்றைக்கு இறங்கும்போது யார் விமானம் அதிகம் குதித்ததோ, அவர்தான் எல்லோருக்கும் பரிமாற வேண்டும். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி. வக்கீல்தான் அடிக்கடி மாட்டுவார். "வக்கீலய்யா, எறங்கினீங்களா, இல்ல எங்களுக்கெல்லாம் கங்காரு டான்ஸ் காட்டினீங்களா?" என்பார் கேப்டன். "கேஸ் ஜெயிச்சாச்சுப்பா, ஆனா வாய்தா மேல வாய்தா" என்று சொல்லிக்கொண்டே வக்கீல் கூடையைத் தூக்குவார். கேப்டன் ஒரு ஞாயிறும் பரிமாறியதில்லை.

டீ போட்டுக் கொடுத்தது எருமைக்கார அக்கா. தென்னேரிக்காரர். புருஷன் இல்லை. ஓடுபாதை போடுவதற்கு முன்னாலிருந்தே அந்தப் பொட்டல் அவருடைய எருமைகளின் மேய்ச்சல் இடம். மேனேஜர் விரட்டிப் பார்த்தார். அக்கா போகவில்லை. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். விமானம் இறங்கும் நேரத்துக்கு அக்காவே மாட்டை ஓட்டிவிட வேண்டும், பதிலுக்கு அங்கேயே டீக்கடை வைத்துக்கொள்ளலாம். மாடு ஓடுபாதையில் இருந்தால் நான் ஜீப்பில் இருந்த ரேடியோவில் மேலே சொல்லுவேன். பைலட் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவார். அதற்குள் அக்கா ஓட்டிவிடுவார்.

தினமும் காலையில் எஞ்சினைப் போட்டதும் ஒரு சோதனை உண்டு. நான் ஜீப்பிலிருந்து, "கேப்டன், எப்பிடிக் கேக்குது?" என்பேன். எஞ்சின் இரைச்சலில் அவர் பேசுவதைவிட விரலைக் காட்டுவது சுலபம். தெளிவாகக் கேட்டால் ஐந்து விரல். சுமார் என்றால் மூன்று. ஒன்று என்றால் ஏறவே கூடாது. கேப்டன் எப்போதும் ஐந்து காட்டுவார், கை முழுவதையும் வெளியே நீட்டி. ஒரு கார்த்திகை மாதத்தில் மூன்று காட்டினார். மழை ஈரம் என்று நினைத்தேன். மைக்கைத் தட்டினேன், இணைப்புகளைக் காயவைத்தேன். மறுநாளும் மூன்று. அதற்கு அடுத்த நாளும் மூன்று.

நான் தேட ஆரம்பித்தேன். ஹெட்போனை மாற்றினேன். மூன்று. ஒயரை மாற்றினேன். வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மற்ற விமானத்தின் வால்வுகளைச் செருகினேன். பெட்டியையே தூக்கி மாற்றினேன். பேட்டரி, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, ஒன்றையும் விடவில்லை. எதை மாற்றினாலும் மூன்று விரல். எஞ்சினை நிறுத்திவிட்டு நானே கேட்டால் குறை இல்லை; எஞ்சின் ஓடும்போதுதான் கெடுகிறது என்று நினைத்தேன். இங்கேயிருந்து கழற்றி மற்ற விமானத்தில் போட்ட சாமானெல்லாம் அங்கே பழுதில்லாமல் வேலை செய்தது. அந்த விமானத்தை ஓட்டியவர் ஓர் இளைஞர். படித்த வீட்டுப் பிள்ளை. அவர் என்னை "பிரதர்" என்பார். தினமும் ஐந்து விரல் காட்டிவிட்டுச் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் ரேடியோ பேச்சாகிப்போனது. "கேப்டன் செட்டு கல்யாண ஊட்டு மைக்செட்டுப்பா, கொய்யினுதான் கத்தும்" என்றார்கள். "ரேடியோகாரு, உன் சட்டம் இன்னாச்சு?" என்றார்கள். கேப்டனும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்து ஒரு கணம் கழித்துச் சிரித்தார். அதை அப்போது நான் கண்டுகொள்ளவில்லை.

தை மாதம் இளைஞரின் விமானத்தில் எண்ணெய் கசிந்தது. கேப்டன் ஊருக்குப் போயிருந்தார். அவருடைய விமானத்தை இளைஞர் எடுத்தார். எஞ்சினைப் போட்டார். நான் ஜீப்பிலிருந்து எப்போதும் பேசுகிற குரலில், "எப்பிடிக் கேக்குது?" என்றேன். அவர் அலறிக்கொண்டு ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "இன்னா பிரதர் இது, காது கிழிஞ்சிரும் போல இருக்குது!" நான் ஏறிப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டும் குமிழ் கடைசி வரைக்கும் திருகியிருந்தது. அதற்கு மேல் திருக இடமில்லை. எஞ்சின் இரைச்சலுக்காகக் கூட்டுகிறார் என்று நினைத்து, நான் சோதிக்கும்போதெல்லாம் என் அளவுக்குக் குறைத்து வைப்பேன். கேப்டன் ஏறியதும் மறுபடி திருகியிருக்கிறார். குமிழில் அவர் விரல் பட்ட இடத்தில் கறுப்புப் பூச்சு உரிந்திருந்தது. அந்தச் சின்ன இருக்கையில் நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எல்லாச் சாமானையும் மாற்றியிருந்தேன். ஆளை மட்டும் மாற்றவில்லை. இன்றைக்கு அதுவும் தானாக மாறிவிட்டது. இளைஞருக்கு இது தோன்றவில்லை. குமிழை யாரோ விளையாட்டாகத் திருகிவிட்டதாக நினைத்தார். நான் குமிழை நடுவுக்குத் திருகி வைத்துவிட்டு இறங்கினேன்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாம் தெரிந்தது. கேப்டன் சீட்டாடும்போது எல்லோர் முகமும் தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருவார். பின்னால் நின்று பேசினால் திரும்ப மாட்டார். ஹெட்போனின் வலப்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். காலம் முழுக்க எஞ்சினுக்குப் பின்னால் உட்கார்ந்த காது. இடது போய்விட்டது, வலது போய்க்கொண்டிருந்தது. அப்படியானால் மெட்ராஸ் விமான நிலையத்து டவரோடு எப்படிப் பேசினார் என்று கேட்கலாம். விமான ரேடியோவில் நடப்பது பேச்சே இல்லை. கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்தால் பெயர், நட்சத்திரம், கோத்திரம் என்று வரிசையாகக் கேட்பார்கள் இல்லையா, அந்த மாதிரி. எப்போதும் அதே கேள்வி, அதே வரிசை. கரகரப்பு நின்றால் நம் முறை. அடுத்து என்ன கேட்பார்கள் என்று பாதி காதை வைத்துக்கொண்டே சொல்லிவிடலாம். வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னால்தான் மாட்டிக்கொள்வோம்.

மாசியில் அவருக்கு டாக்டர் பரிசோதனை வர இருந்தது. காது கேட்கவில்லை என்று தெரிந்தால் லைசென்ஸ் போகும். நடக்கக்கூடச் சரியாக வராதவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவருக்கு அதற்குப் பிறகு என்ன இருக்கிறது? இந்தப் பக்கம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இந்த மாதத்துக்குள் கேப்டன் ரேடியோவைச் சரி செய்யாவிட்டால் மெட்ராஸிலிருந்து வேறு ஆளைக் கொண்டுவருவார். ரேடியோவில் குறை என்றால் நான் போக வேண்டும். ரேடியோவில் குறை இல்லை என்றால் கேப்டன் போக வேண்டும். கணக்கு அவ்வளவுதான். எனக்கு ஊருக்குள் பழைய முதலாளியின் கடை இருந்தது, திரும்பப் போய் உட்காரலாம். அவருக்குத் திரும்பப் போக வேறு தொழில் இல்லை. ஆனால் மேலே பறப்பவருக்குக் காது கேட்கவில்லை என்றால் அது அவரோடு முடிகிற விஷயமும் இல்லை. அதனால் ஒரு நாள் சாயங்காலம், மருந்துத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள் போன பிறகு, நேராக அவர் முகத்துக்கு எதிரே போய் நின்றேன்.

"கேப்டன், செட்டுல குறை ஒண்ணும் இல்ல."

அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்ததா என்று எனக்குச் சந்தேகம். புரிந்தது. அவர் கண்ணில் அது தெரிந்தது.

"தேடு" என்றார்.

"தேடிட்டேன் கேப்டன்."

"இன்னும் தேடுப்பா." குரல் எப்போதும் போல இல்லை. கேட்டுக்கொள்கிற குரல். திரும்பி அந்த வாத்து நடையில், தான் தங்கியிருந்த கூடாரத்துக்குப் போனார். மறுநாள் காலை நான் கேட்டேன், அவர் மூன்று விரல் காட்டினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் என் பெட்டியில் ஸ்குரூ டிரைவர்களைத் துடைத்து வைத்தேன். மாதம் முடிந்ததும் நானே சொல்லிக்கொண்டு போய்விடுவது என்று வைத்துக்கொண்டேன்.

மாதம் முடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மாகறல் பக்கம் கரும்புக்கு மருந்து அடித்துவிட்டுக் கேப்டன் திரும்பிக்கொண்டிருந்தார். கிளப் ஆட்கள் எல்லோரும் வந்திறங்கித் தார்ப்பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் அன்றைக்கு வழக்கம் போல நன்றாகக் குதித்திருந்தார். கூடையைப் பிரிக்கப் போனார். கேப்டனின் விமானம் தென்னேரி ஏரிக்கரைக்கு மேலே தெரிந்தது. அதே நேரம் எருமை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுபாதைக்கு நடுவில் போய் நின்றது. அக்கா அதன் பின்னால் ஓடினார். நான் மைக்கை எடுத்தேன். "கேப்டன், எறங்காதீங்க. மாடு. மேல போங்க." பதில் இல்லை. மறுபடி சொன்னேன். விமானம் தாழ்ந்துகொண்டே வந்தது. "கேப்டன், ஆள் இருக்குது, ஆள் இருக்குது, மேல போங்க!" சாவகாசமாக, "சரி, எறங்கறேன்" என்று அவர் குரல் வந்தது. 'பாதை காலி, எறங்கலாம்' என்று நான் வழக்கமாகச் சொல்வதற்கு அவர் வழக்கமாகச் சொல்லும் பதில். சூரியன் அவருக்கு நேர் எதிரே. அவர் மாட்டைப் பார்த்தபோது சக்கரம் தரையைத் தொட்டிருந்தது.

எப்படியோ திருப்பினார். விமானம் ஓடுபாதையை விட்டு விலகி, ஒரு பக்கம் சாய்ந்து, இறக்கையின் நுனி மண்ணைக் கீறிக்கொண்டே போனது. மேலே தூக்கிய மற்ற இறக்கை அக்காவின் தலைக்கு மேல் போனது. அவர் குப்புற விழுந்திருந்தார். தூசி அடங்கியது. பிறகு அக்கா எழுந்தார். முழங்கை தேய்ந்து ரத்தம். எருமை எதுவும் நடக்காதது போல அப்பால் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. கேப்டன் இறங்கி ஓடிவந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

மேனேஜர் என் மேல் பாய்ந்தார். "உன் ரேடியோவால ஒரு உசுரு போயிருக்கும்யா! எத்தன நாளா சொல்றேன்?" நான் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அக்காதான் பேசினார். புடவையை உதறிக்கொண்டு மேனேஜரைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தார். "அந்தத் தம்பிய இன்னாத்துக்குக் கத்துறே? அது தொண்ட கிழியக் கத்துச்சு, எனக்கே கேட்டுச்சு. ஓடிக்கினு இருந்த எனக்குக் கேக்குது, உன் பைலட்டுக்குக் கேக்கல. ரேடியோவப் பார்த்தது போதும் சாமி. ஆள் காதப் பாரு."

வக்கீல் கூடையைக் கீழே வைத்தார். கேப்டனுக்கு எவ்வளவு காதில் விழுந்தது என்று தெரியாது. ஆனால் அக்காவின் வாய் அவருக்கு நேராகத் தெரிந்தது. அவர் அக்காவின் முழங்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ரேடியோகாரே, உன் சட்டம் இன்னா?"

"மாத்திப் பாக்கறது, கேப்டன்."

"எல்லாத்தியும் மாத்திட்டியா?"

நான் மைக்கை ஜீப்பில் வைத்தேன்.

கேப்டன் இளைஞரைக் கூப்பிட்டுத் தன்னுடைய விமானத்தில் ஏறச் சொன்னார். குமிழை நடுவில் வைக்கச் சொன்னார். எஞ்சின் ஓடியது. என்னைப் பேசச் சொன்னார். "எப்பிடிக் கேக்குது?" என்றேன். இளைஞர் தயங்கினார். அவருக்கு இப்போது புரிந்துவிட்டது. கையை வெளியே நீட்ட மனசில்லாமல் நீட்டினார். ஐந்து விரல். அவரை இறங்கச் சொல்லிவிட்டு, கேப்டன் இளைஞரின் விமானத்தில் ஏறினார். தன் ஹெட்போனை மாட்டினார். குமிழைத் தொடவில்லை. எஞ்சினைப் போட்டார். என்னைப் பார்த்து, திரும்பு என்று சைகை காட்டினார். என் வாய் அவருக்குத் தெரியக் கூடாது. ஜீப்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். "கேப்டன், எப்பிடிக் கேக்குது?" என்றேன். கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டேன். மூன்றாவது முறையும் கேட்டேன். எஞ்சின் நின்றது. நான் திரும்பினேன். அவர் கை இருக்கையின் விளிம்பில் கிடந்தது. ஒரு விரலும் எழவில்லை.

"பேசினியா?" என்றார்.

"பேசினேன், கேப்டன்."

"எத்தினி வாட்டி?"

"மூணு வாட்டி."

தலையை ஆட்டினார். இறங்கி மேனேஜரிடம் போனார். எல்லோருக்கும் கேட்கும்படி, கொஞ்சம் அதிகமான சத்தத்தில் சொன்னார். காது போனவர்களுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. "சார், ரேடியோ சரியா இருக்குது. எப்பவும் சரியாத்தான் இருந்திச்சு. குறை கேக்குற எடத்துல." அவ்வளவுதான். அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை. மன்னிப்பும் யாரிடமும் கேட்கவில்லை.

பிறகு தண்ணீர்த் தொட்டியில் கை கழுவிக்கொண்டு வந்து இட்லிக் கூடையைத் தூக்கினார். வக்கீல் ஓடி வந்து, "விடுங்க கேப்டன், இன்னிக்கு நான்தானே" என்று பிடித்தார். "இல்ல வக்கீலய்யா. இன்னிக்கு ஒங்களவிட நான் மோசமா எறங்கிட்டேன். வழக்கம் வழக்கம்தான்" என்றார். முதல் இலையை அக்காவுக்குப் போட்டார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேப்டன் குனிந்த வாக்கில் நின்றுகொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அக்கா இலையை இழுத்துக்கொண்டார். "நின்னுக்கினே இருந்தா எப்டி, இன்னொண்ணு வையி. பசிக்குது" என்றார். எங்களில் யாரோ சிரிக்கப் பார்த்தார்கள், வரவில்லை. கேப்டன் ஒவ்வொருவராக எல்லோருக்கும் பரிமாறினார். டாக்டர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. இளைஞர் சாப்பிடாமல் இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தார். என் முறை வந்தபோது எனக்கு இரண்டு வைத்தார். அந்த இட்லியின் மிளகு காரம் இன்னும் எனக்கு நாக்கில் இருக்கிறது.

மறுநாள் காலையில் பெட்டி படுக்கையோடு ஜீப்பில் ஏறினார். ஏறும் முன் ஹெட்போனை என் கழுத்தில் மாட்டினார். "ஒன் செட்டு நல்ல செட்டு" என்றார். ஜீப் கிளம்பும்போது கையை வெளியே நீட்டினார். கை முழுவதும். ஐந்து விரல். கார்த்திகைக்குப் பிறகு அன்றுதான் அதைப் பார்த்தேன்.

நான் இன்னும் சில வருஷம் அங்கே இருந்தேன். பிறகு கம்பெனி வடக்கே எங்கேயோ போனது, நான் ஊருக்குத் திரும்பிச் சொந்தமாக இந்தக் கடையைப் போட்டேன். கிளப் ஆட்கள் வருவது அதற்கு முன்பே குறைந்துவிட்டது. பழைய மாதிரி கேலி பேச யாருக்கும் வாய் வரவில்லை. அக்கா இருந்தவரை அந்தப் பொட்டலில் எருமை மேய்ந்தது. இப்போது அங்கே கம்பெனிகள், லாரிகள். ஓடுபாதை இருந்த இடம் எது என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது.

கேப்டன் ஒரே ஒரு முறை என் கடைக்கு வந்தார். மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க மனைவியோடு வந்திருந்தார். மனைவியைப் புடவைக் கடையில் விட்டுவிட்டு விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். தலை நரைத்திருந்தது. நடை மட்டும் அதேதான். இரண்டு காதும் முழுக்கப் போயிருந்தது. ஸ்டூலைப் போட்டேன். நான் இயல்பாகவே பேசாதவன், அவருக்குக் கேட்காது. அதனால் எங்களுக்குள் ஒரு குறையும் இருக்கவில்லை. நான் வேலை செய்தேன், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். சாலிடர் வைத்து ஒரு பெரிய வால்வு செட்டைப் போட்டேன். நாகஸ்வரம் வந்தது. கேப்டன் எழுந்து வந்து செட்டின் மரப்பெட்டி மேல் வலது உள்ளங்கையை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஹெட்போனை அழுத்திப் பிடிப்பாரே, அதே கை, அதே அழுத்தம். பாட்டு முடிகிற வரை எடுக்கவில்லை. நான் அவருக்கு எதிரே போய் நின்று வாயை அசைத்தேன். "எப்பிடிக் கேக்குது, கேப்டன்?" சிரித்தார். பெட்டியிலிருந்து கையை எடுத்து விரித்துக் காட்டினார். அவர் மனைவி வந்ததும் புடவைப் பையை வாங்கிக்கொண்டு போனார். பிறகு பல வருஷம் கழித்து, இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இப்போது வால்வு செட்டு யாரும் கொண்டுவருவதில்லை. என்னுடையது ஒன்று இருக்கிறது. கடை அடைக்கிற நாளில், ஆயுத பூசைக்குத் துடைக்கும்போது, ஆணியிலிருந்து அந்த ஹெட்போனை எடுத்து அதில் செருகிக் கேட்பேன். வலப்பக்கம் தெளிவாக இருக்கிறது. இடப்பக்கமும் தெளிவாக இருக்கிறது. தேய்ந்த தோலை மாற்றலாம் என்று என் மகன் சொன்னான், வேண்டாம் என்றேன். கேட்டு முடித்ததும் என் கை தானாக எழுகிறது. எதிரே சுவர்தான் இருக்கிறது. இருந்தாலும் ஐந்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் அதைத் திரும்ப ஆணியில் மாட்டுகிறேன்.